எலக்ட்ரிக் காருக்கு வீட்டில் சார்ஜ்: பேட்டரிக்கு முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். எலக்ட்ரிக் கார் என்பது ஏறத்தாழ சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்தான். நீங்கள் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் இருக்கும் அதே லித்தியம் அயன் வகை பேட்டரி அதிலும் இருக்கிறது. அதனைக் கண்காணிக்க ஒரு சிப், அந்தச் சிப்பில் ஓட ஒரு புரோகிராம் என்று எல்லாம் அப்படியே உண்டு. அளவுதான் வேறு. லேப்டாப் பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொண்டால் கார் பேட்டரி பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பற்றித் தெரிய வேண்டும். நான் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு சாப்ட்வேர் வேலைக்கு வந்தவன். கல்லூரியில் படித்த எர்த்திங் பாடம் முதன்முதலாக இந்தக் கட்டுரைக்குத்தான் பயன்படுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். சாதாரண லேப்டாப் பேட்டரியில் மூன்று செல்கள் தொடராக இணைக்கப்பட்டு 11.1 வோல்ட் தருகின்றன. அதில் சேமிக்கப்படும் மின்சாரம் சுமார் 50 வாட் அவர். சிறிய எலக்ட்ரிக் கார் ஒன்றின் பேட்டரி 30 கிலோவாட் அவர், அதாவது மின்வாரியக் கணக்கில் 30 யூனிட். கணக்குப் போட்டால் 600 லேப்டாப் பேட்டரிகள். அமெரிக்காவில் விற்பனையான செவர்லே போல்ட் என்ற காரில் 288 செல்கள். மும்மூன்றாகச் சேர்த்த 96 தொகுதிகள் வரிசையாக இணைந்து சுமார் 350 வோல்ட் தரும். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டையே நாம் பயத்துடன்தான் தொடுகிறோம்.

ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் பாசிட்டிவ் தகடும் நெகட்டிவ் தகடும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு. இதனை செப்பரேட்டர் என்பார்கள். தலைமுடியைவிட மெல்லியது. இது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிறது. வெப்பம் ஏறுகிறது. அந்த வெப்பமே ரசாயன வினையைத் தூண்டி மேலும் வெப்பத்தைக் கிளப்புகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்யாமலே அது தானாக ஓட ஆரம்பித்துவிடும். பிறகு பக்கத்துச் செல், அதற்குப் பக்கத்துச் செல் என்று பரவும். ஆங்கிலத்தில் தெர்மல் ரன்அவே என்று சொல்லப்படுவது இதுதான்.

இது நடக்காமல் பார்த்துக்கொள்ள காரில் ஒரு காவல்காரர் இருக்கிறார். பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பது அவர் பெயர், சுருக்கமாக பி.எம்.எஸ். ஒவ்வொரு செல் தொகுதியின் வோல்டேஜ், பேட்டரியின் பல இடங்களில் வெப்பம், உள்ளே போகும் வெளியே வரும் மின்னோட்டம் ஆகியவற்றை இவர் இடைவிடாமல் அளந்துகொண்டே இருப்பார். ஏதாவது எல்லை மீறினால் காண்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேயைத் திறந்து பேட்டரியை மற்ற பாகங்களிலிருந்து துண்டித்துவிடுவார். எனவே அதிகமாக சார்ஜ் ஏறிப் பேட்டரி வெடித்துவிடுமோ என்று பயந்து நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை. நிரம்பியதும் கார் தானாகவே நிறுத்திக்கொள்ளும்.

காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது எப்படி?

பிரின்டரை யூஎஸ்பி போர்ட்டில் செருகியவுடன் கம்ப்யூட்டரும் பிரின்டரும் முதலில் தமக்குள் பேசிக்கொள்கின்றன அல்லவா? அதேபோல காரும் சார்ஜரும் பேசிக்கொண்ட பிறகுதான் மின்சாரம் பாயத் தொடங்கும். சாப்ட்வேர்க்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சார்ஜிங் துப்பாக்கியில், அதாவது காரில் செருகும் அந்தப் பிடியில், மின்சாரம் போகும் பெரிய பின்களுடன் பைலட் என்று ஒரு சிறிய பின் இருக்கும். சார்ஜர் அதில் 12 வோல்ட் வைத்திருக்கும். காரில் செருகியதும் கார் அதனை 9 வோல்ட்டாகக் குறைக்கும். ‘நான் வந்துவிட்டேன்’ என்று அர்த்தம். கார் தயாரானதும் 6 வோல்ட்டாகக் குறைக்கும். ‘இப்போது அனுப்பலாம்’ என்று அர்த்தம். அதன் பிறகுதான் சார்ஜரின் உள்ளே இருக்கும் ரிலே மூடி 230 வோல்ட் வெளியே வரும். சார்ஜரும் பதிலுக்கு ஒரு தகவல் சொல்கிறது. பைலட்டில் விநாடிக்கு 1000 முறை விட்டு விட்டு வரும் துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு எத்தனை சதவிகித நேரம் உயர்ந்து நிற்கிறதோ அதனை 0.6 ஆல் பெருக்கினால், கார் இழுக்க அனுமதிக்கப்பட்ட ஆம்பியர் கிடைக்கும். சுமார் 27 சதவிகிதம் என்றால் 16 ஆம்பியர். 53 சதவிகிதம் என்றால் 32 ஆம்பியர். இவ்வளவு எளிமையான புரோட்டோகாலை நான் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை.

இதன் பலன் என்ன? பைலட் பின் மற்ற பின்களைவிடக் குட்டையானது. நீங்கள் துப்பாக்கியை இழுத்தால் முதலில் அதன் தொடர்புதான் விடுபடும்; உடனே மின்சாரம் நின்றுவிடும்; பெரிய பின்கள் அதற்குப் பிறகுதான் பிரியும். எனவே தீப்பொறி வராது. பைலட் சிக்னல் எர்த் ஒயர் வழியாகத்தான் திரும்பி வருகிறது. ஆகவே சார்ஜருக்கும் காருக்கும் இடையில் எர்த் அறுந்துபோனாலும் சார்ஜிங் நின்றுவிடும். லேசான மழையில் சார்ஜ் செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கார் பக்கத்தில் பயமில்லை. செருகாத துப்பாக்கியில் மின்சாரமே இருக்காது. ஆனால் சுவர்ப் பக்கத்து பிளக்கும் கேபிளின் நடுவில் உள்ள பெட்டியும் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். அங்கே எப்போதும் 230 வோல்ட் உண்டு.

காவல்காரர் பார்க்க முடியாத இடம்

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஓர் இடம் விட்டுப்போகிறது. அது உங்கள் வீட்டுச் சுவர்.

காருடன் வரும் போர்ட்டபிள் சார்ஜர் ‘15 ஆம்பியர் இழுத்துக்கொள்’ என்று காரிடம் சொல்கிறது. சுவருக்குள் இருக்கும் ஒயர் அதனைத் தாங்குமா, பிளக் பாயின்ட்டின் உள்ளே ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறதா என்பது பெரும்பாலான பெட்டிகளுக்குத் தெரியாது. சில சார்ஜர்களில் சுவரில் செருகும் பிளக்கிலேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது விசாரித்து அப்படிப்பட்டதையே வாங்குங்கள். நூறு ஆப் வசதிகளைவிட இது ஒன்று மேல்.

நம் வீடுகளில் 15 ஆம்பியர் பாயின்ட் என்பது கீசருக்கோ ஏசிக்கோ வைத்தது. கீசர் கால் மணி நேரம் ஓடும். நின்றுவிடும். ஏசி கம்ப்ரசரும் விட்டு விட்டுத்தான் ஓடும். 30 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட்டில் நிரப்ப 9 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும், நீங்கள் தூங்கும்போது, ஏறத்தாழ முழு ஆம்பியரும் இடைவெளியின்றி அந்தப் பாயின்ட் வழியாகப் போகும்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. பிளக்கின் பின்னும் சாக்கெட்டும் சரியாகப் பிடிக்காமல் அங்கே 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது. 15 பெருக்கல் 15 பெருக்கல் 0.1 என்றால் 22.5 வாட். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பார்த்திருப்பீர்களே, ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன், அது 25 வாட். அதாவது இரவு முழுவதும் உங்கள் சுவிட்ச் போர்டின் உள்ளே ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் என்ன ஆகும்?

எம்.சி.பி. டிரிப் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டம் அதிகமாகிறதா என்பதை மட்டுமே. இங்கே மின்னோட்டம் அதே 15 ஆம்பியர்தான். ஆர்.சி.சி.பி. பார்ப்பது மின்சாரம் பூமிக்கோ மனித உடலுக்கோ கசிகிறதா என்பதை. இங்கே கசிவும் இல்லை. வெப்பத்தை இரண்டுமே பார்ப்பதில்லை. என் நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு மாதம் கீசர் பாயின்ட்டிலேயே காருக்கு சார்ஜ் போட்டார். ஒருநாள் பிளக்கை எடுத்தால் பின்னின் அடிப்பாகம் பழுப்பு நிறமாகி வாசனை வந்திருக்கிறது. எம்.சி.பி. ஒரு முறைகூட விழவில்லை. போர்டைக் கழற்றிப் பார்த்தபோது ஒயரைப் பிடித்திருக்கும் ஸ்குரூ அரைச் சுற்று லூசாக இருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

எனவே எலக்ட்ரிக் கார் வாங்க முன்பணம் கட்டும் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஒயர் 4 ஸ்கொயர் செம்பு ஒயராக இருக்கட்டும். நடுவில் ஜாயின்ட் கூடாது. அந்த லைனுக்குத் தனி எம்.சி.பி., தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ஏசி டைப், ஏ டைப் என்று உண்டு. காருக்கு ஏ டைப் கேட்டு வாங்குங்கள். காரின் உள்ளே ஏசி மின்சாரம் டிசியாக மாறுவதால் கசிவு டிசியாகவும் வரலாம். அப்போது ஏசி டைப் சரியாக வேலை செய்யாது. வீட்டு மாடல் சாக்கெட்டுக்குப் பதிலாக நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். அதற்கேற்ற பிளக் உள்ள சார்ஜர் கிடைக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். பிளக்கை நீங்களே வெட்டி மாற்றாதீர்கள். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைப்பதாக இருந்தால் அது 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்வாரியத்தில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் உயர்த்தக் கேட்டு விண்ணப்பித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேசைக்கு அடியில் இருக்கும் ஸ்பைக் பஸ்டரை எடுத்துக்கொண்டு போய்க் காருக்கு எக்ஸ்டென்ஷனாகப் பயன்படுத்துவது. அவற்றில் பல 6 ஆம்பியருக்கு உரியவை. மானிட்டருக்கும் மோடத்துக்கும் போதும். காருக்கு அது வெறும் பட்டாசுத் திரி. பெரிய பிளக்கைச் சிறிய பாயின்ட்டில் செருக விற்கும் மாற்று பிளக்குகளும் இப்படித்தான். சுருட்டிய நிலையில் இருக்கும் நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் இன்னும் மோசம், வெப்பம் வெளியே போக வழியில்லை.

முதல் வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு காரில் சார்ஜிங்கை நிறுத்தி, துப்பாக்கியைக் கழற்றி, சுவர் சுவிட்சை ஆப் செய்து, பிளக்கை எடுத்து அதன் பின்களின் அருகில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு, நிற மாற்றம், கருகிய வாசனை, எது இருந்தாலும் அந்தப் பாயின்ட்டை மறுபடி தொடாதீர்கள். இன்னொன்று, சார்ஜர் பெட்டியை ஒயரிலேயே தொங்கவிடக்கூடாது. அதன் எடை பிளக்கைக் கீழே இழுத்து இழுத்துப் பிடிப்பைத் தளர்த்திவிடும். சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டால் போதும்.

எர்த் இல்லை என்று சார்ஜர் சொன்னால்

சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஆகவில்லை. கையேட்டைப் பார்த்தால் எர்த் கோளாறு என்று இருக்கிறது. பழைய வீடுகளில் எர்த் ஒயர் பெயரளவுக்குத்தான் இருக்கும். பூமியில் புதைத்த கம்பி துருப்பிடித்துப் போயிருக்கும். வருடக்கணக்கில் பிரிட்ஜும் டிவியும் அப்படியே ஓடியதால் யாருக்கும் தெரிவதில்லை. கார் சார்ஜர்தான் முதன்முதலாக உண்மையைச் சொல்கிறது.

இந்த இடத்தில் சில எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் தீர்வு, நியூட்ரலையும் எர்த்தையும் பாயின்ட்டிலேயே ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. சிவப்பு விளக்கு அணைந்துவிடும். கார் சார்ஜ் ஆகும். ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். காரணம் இதுதான். எர்த் ஒயர் காரின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கிறது. என்றாவது வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்தால், பேஸ் மின்சாரம் வீட்டுச் சாதனங்கள் வழியாக வந்து திரும்ப வழியின்றி அந்தத் துண்டு ஒயர் மூலம் காரின் உடம்பில் ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர் கதி என்ன? இப்படி இணைத்தால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். ‘இது தொல்லை’ என்று அடுத்த நாள் அதனையும் கழற்றிவிடுவார்கள். ஒரு காவலை ஏமாற்றப் போய் இரண்டாவது காவலும் போய்விடும். ஆன்டி வைரஸ் எச்சரிக்கை தருகிறது என்று ஆன்டி வைரஸையே அழிப்பதைப் போன்றது இது. அங்கே போவது பைல். இங்கே போவது உயிர்.

சரியான தீர்வு புதிய எர்த் குழி போடுவதுதான். கம்பி புதைத்து, எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர் பேஸ் எது என்று மட்டுமே காட்டும். எர்த் நன்றாக இருக்கிறதா என்று காட்டாது.

சாப்ட்வேரால் முடிந்ததும் முடியாததும்

என் தொழில் சாப்ட்வேர் என்றாலும் இதனைச் சொல்லியாக வேண்டும். காவல்காரரான பி.எம்.எஸ். எல்லாம் அறிந்தவர் அல்ல.

செவர்லே போல்ட் கார்களில் சில, நின்றுகொண்டிருக்கும்போதே தீப்பிடித்தன. தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2020 நவம்பரில் சுமார் 69,000 கார்களை ரீகால் செய்தது. முதல் வைத்தியம் சாப்ட்வேர்தான்: பேட்டரி 90 சதவிகிதத்துக்கு மேல் நிரம்பாதபடி ஒரு கட்டுப்பாடு. அடுத்த ஆண்டு கோளாறைக் கண்டுபிடிக்கும் புதிய புரோகிராம் ஒன்றைப் போட்டு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஆனால் அப்படிச் சரிசெய்த இரண்டு கார்கள் தீப்பிடிக்கவே, 2021 ஜூலையில் ‘வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், இரவில் ஆளில்லாமல் சார்ஜ் போடாதீர்கள்’ என்று உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஆராய்ந்ததில், செல்லின் நெகட்டிவ் தகட்டின் முனை கிழிந்திருப்பதும் செப்பரேட்டர் மடிந்திருப்பதும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்தால் தீப்பிடிக்கிறது என்று தெரிந்தது. தொழிற்சாலையில் ஏற்பட்ட தவறு அது. 2021 ஆகஸ்ட்டில் அதுவரை செய்த எல்லா போல்ட் கார்களுக்கும் ரீகாலை விரித்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,42,000 கார்கள். கோளாறான பேட்டரியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹூண்டாய் கோனா கதையும் இதேதான். 2020 அக்டோபரில் கொரியாவில் ரீகால், சாப்ட்வேர் அப்டேட். 2021 ஜனவரியில் டேகு நகரில் அப்டேட் செய்த ஒரு கார் தீப்பிடித்தது. பிறகு உலகம் முழுவதும் சுமார் 82,000 வாகனங்களின் பேட்டரிகளை மாற்ற முடிவானது. சென்னைக்கு அருகில் உள்ள தொழிற்சாலையில் பூட்டி விற்ற கோனா கார்களில் 456ஐயும் அந்தக் கம்பெனி 2020 டிசம்பரில் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது.

எனவே சர்வீஸ் சென்டரிலிருந்து ரீகால் கடிதமோ எஸ்எம்எஸ்ஸோ வந்தால் ‘வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று தள்ளிப் போடாதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கை க்ளிக் செய்வதற்குப் பதில், கம்பெனியின் வெப்சைட் முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து, அங்கே உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ரீகால் பெயரில் மோசடி லிங்க்குகளும் வரக்கூடும். சாப்ட்வேர் அப்டேட் ஓடும்போது இடையில் எதையும் நிறுத்தக்கூடாது. மதர்போர்டுக்கு பயாஸ் அப்டேட் செய்யும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே நிலைதான்.

80 சதவிகிதமா, 100 சதவிகிதமா?

இது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. நிக்கல் சேர்ந்த வகை என்றால் தினசரிப் பயன்பாட்டுக்கு 80 சதவிகிதத்தில் நிறுத்துவது ஆயுளுக்கு நல்லது. வெளியூர் போகும் முன் மட்டும் முழுதாக நிரப்பலாம். எல்.எப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் சில கம்பெனிகள் வாரம் ஒரு முறையாவது 100 சதவிகிதம் ஏற்றச் சொல்கின்றன. அந்த வகையில் பேட்டரி காலியாகும்போது வோல்டேஜ் அதிகம் மாறுவதில்லை. அதனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பி.எம்.எஸ். கணக்கிடச் சிரமப்படும். முழுதாக நிரம்பும்போதுதான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலும் 80 சதவிகிதத்தில் நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருக்கலாம். எப்போதும் சார்ஜரிலேயே வைத்துப் பயன்படுத்துபவர்கள் அதனை ஆன் செய்துகொள்ளுங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிய பேட்டரியில் நீங்கள் செய்ய எதுவுமே இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது. காரை ஆப் செய்தாலும் செல்களின் உள்ளே வோல்டேஜ் அப்படியே இருக்கும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் எல்லாம் உயர் வோல்டேஜ் கேபிள்கள். வாட்டர் வாஷ் கடையில் பையன் அவற்றைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பலரும் மறந்துவிடும் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி. மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்குமே, அது மாதிரி. காரின் கம்ப்யூட்டர்களும் அந்தப் பெரிய ரிலேயும் இதில்தான் எழுகின்றன. இது செத்தால், பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் கார் எழாது. சர்வீஸின்போது இதனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வண்டியின் அடிவயிற்றையும் கவனிக்க வேண்டும். பேட்டரி அங்கேதான் இருக்கிறது. 2013ல் அமெரிக்காவில் சாலையில் கிடந்த இரும்புத் துண்டு அடியில் குத்தியதால் டெஸ்லா மாடல் எஸ் ஒன்று எரிந்தது. 2014 மார்ச்சில் அந்தக் கம்பெனி அடியில் டைட்டானியம் தகடு பொருத்த ஆரம்பித்தது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடியில் பலமாக இடித்த சத்தம் கேட்டால், எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும், அன்று இரவு சார்ஜ் போடும் முன் சர்வீஸ் சென்டரில் லிப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரும் அப்படியே. பேட்டரிப் பெட்டி பொதுவாக ஐ.பி. 67 தரத்தில் செய்யப்படுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அந்தத் தரத்தின் பொருள். இரவு முழுவதும் தாங்கும் என்று அர்த்தமில்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை இயான் புயல் தாக்கிய பிறகு, கடல் நீரில் மூழ்கிய எலக்ட்ரிக் கார்கள் சில, நீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த பிறகும் உப்புப் படிவு உள்ளே தங்கிவிடும். 2015லும் 2023லும் சென்னையில் தரைத்தளப் பார்க்கிங்குகள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். மழை எச்சரிக்கை வந்தால் காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லி, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்

2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். ஸ்கூட்டர் வேறு, கார் வேறு என்றாலும் புகை ஒன்றுதான். அந்த ஆண்டு நடந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகு இரு சக்கர வண்டிகளுக்கும் கார்களுக்குமான பேட்டரி சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. இருந்தாலும், வாசல் வழியை அடைத்துக்கொண்டு எந்த மின்வண்டியையும் சார்ஜ் போடாதீர்கள். தீ வந்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அது.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கொரியாவின் இன்சான் நகரத்தில் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடித்தளப் பார்க்கிங்கில் சார்ஜ் போடாமலேயே நின்றிருந்த எலக்ட்ரிக் கார் ஒன்று தீப்பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் சேதமாயின. தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளரை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். உங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் பார்க்கிங்கில் சார்ஜர் வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் சண்டை நடக்கும். அதில் பத்து நிமிடம் ஒதுக்கி ஸ்பிரிங்க்ளர் வேலை செய்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

காரின் அடியிலிருந்து வெண்புகை, சீறும் சத்தம், பட்பட்டென்று வெடிக்கும் ஒலி, பெயின்ட் தின்னர் போன்ற வாசனை, இவற்றில் எது வந்தாலும் அது வெறும் நீராவி அல்ல. எரியக்கூடிய, விஷத்தன்மையுள்ள வாயு. பக்கத்தில் போய்ப் பிளக்கைப் பிடுங்க முயலாதீர்கள். மெயின் போர்டு தூரத்தில், போகக்கூடிய இடத்தில் இருந்தால் அங்கே ஆப் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு, காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போய் நில்லுங்கள். சிறிய தீயணைப்பான் மூடிய பெட்டிக்குள் இருக்கும் செல்லைச் சென்றடையாது. 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்து, எலக்ட்ரிக் கார் எரிகிறது என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அதற்கேற்றபடி அதிகத் தண்ணீருடன் வருவார்கள். தீ அணைந்த பிறகு வண்டியை ஷெட்டுக்குள் தள்ள வேண்டாம். மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் கழித்து மறுபடி பற்றலாம். திறந்த வெளியில் எங்கே விடுவது என்று தீயணைப்பு வீரர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.